விளக்கு விட்டு விட்டு எரிவது ஏன்?

நம் சங்கத்தின் அங்கத்தினர்களுள் நெசவாளரும் உளர். வேளாண்மை செய்வோரும் உளர். இவ்விரு சாராரும் நம்மிடம் ஒருங்கே கொண்டுவரும் குறை ஒன்று உண்டு. வீட்டில் விளக்கு நிலையாக எரிவதில்லை. மங்குகிறது, சட்டென்று பிரகாசிக்கிறது, மறுபடியும் மங்குகிறது. பல்பை மாற்றிப் பார்த்தும் பயனில்லை என்பதே அது. இதைச் சிறு தொல்லை என்று எண்ணிப் பொறுத்துக்கொள்வோரே மிகுதி. அவ்வாறு பொறுத்துக்கொள்ளலாகாது என்பதை எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

சில காலத்துக்கு முன் நாம் ஒரு நெசவாளர் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். தறிக்கு மேலே தொங்கிய விளக்கு ஒரு மாதமாகத் துடித்துக்கொண்டிருந்தது. வீட்டார் அதற்குள் மூன்று பல்புகளை மாற்றியிருந்தனர். "இப்போது வருகிற சரக்கே இப்படித்தான்" என்று வீட்டுப் பெரியவர் சலித்துக்கொண்டார். தார் சுற்றும் சிறு மோட்டார் ஓடும் வேளையில் துடிப்பு அதிகமாவதை வீட்டுப் பெண்கள் கவனித்திருந்தனர். ஆயினும் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. மின் கம்பியாளரை வரவழைத்துச் சுவிட்சுப் பலகையைத் திறந்து பார்த்தபோது உண்மை விளங்கிற்று. திருகாணி தளர்ந்த இடத்தில் கம்பியின் முனை கறுத்துச் சுருங்கியிருந்தது. மரப்பலகையின் பின்புறம் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்குக் கரியாகியிருந்தது. அப்பலகைக்கு ஓரடி கீழே பாவு நூல் கட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன! நோய் பல்பில் இல்லை. பல்பு நோயைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவே.

ஆகவே, விளக்கின் துடிப்பு ஒரு செய்தி. அச்செய்தி எங்கிருந்து வருகிறது என்று கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது. அதைக் காண்பதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை. ஒழுங்காகக் கவனித்தலே போதும்.

துடிப்பு என்பது யாது?

நம் வீடுகளுக்கு வரும் ஒற்றைப் பேஸ் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். இது சற்றே ஏறி இறங்குவது இயல்பு. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் இவ்வேற்ற இறக்கத்துக்கு 6 சதவீதம் என்று எல்லை வகுத்தன. அக்கணக்கின்படி ஏறத்தாழ 216 வோல்ட் முதல் 244 வோல்ட் வரையில் இருப்பது முறையானது. அதற்குக் கீழே தாழ்ந்தாலும் மேலே உயர்ந்தாலும் குறை என்றே கொள்ள வேண்டும்.

இழை எரியும் பழைய குண்டு பல்பு இவ்விஷயத்தில் மிக நுண்ணிய கருவியாகும். அழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் அதன் ஒளி 10 சதவீதம் மட்டும் குறைவதில்லை. ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும். எல்.இ.டி. விளக்கின் இயல்பு வேறு. நன்கு செய்யப்பட்ட எல்.இ.டி. விளக்கினுள் இருக்கும் சிறு மின்சுற்று, அழுத்தம் ஓரளவு ஏறி இறங்கினாலும் ஒளியை ஒரே நிலையில் வைத்துக்கொள்கிறது. மலிவாகச் செய்யப்பட்டதோ அழுத்தத்தோடு தானும் ஆடும். அழுத்தம் மிகத் தாழும்போது அணைந்து அணைந்து எரியும். எனவே, ஒரே வீட்டில் ஒரு விளக்கு துடிக்க மற்றொன்று நிலையாக எரிவதைக் கண்டு, மின்சாரத்தில் குறையே இல்லை என்று உடனே முடிவு செய்துவிடலாகாது. மின்விசிறியின் ஓசை மாறுகிறதா, தொலைக்காட்சிப் பெட்டி அணைந்து எரிகிறதா என்பனவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

எத்தனை விளக்குகள் துடிக்கின்றன? இதுவே முதற் கேள்வி. ஒரே விளக்கா? ஓர் அறையின் விளக்குகளா? வீடு முழுவதுமா? அல்லது தெருவே துடிக்கிறதா? விளக்கு துடிக்கும்போது வாசலுக்கு வந்து அண்டை வீட்டையும் தெரு விளக்கையும் ஒருமுறை பாருங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

இரண்டாவது கேள்வி, எப்பொழுது துடிக்கிறது என்பது. கிரைண்டர் ஓடும்போதா, காற்று வீசும்போதா, மழை பெய்யும்போதா, மாலை ஆறு மணிக்கு மேலா, வயலுக்கு மின்சாரம் வந்த உடனேயா? ஒரு சிறு குறிப்பேட்டில் நாளும் மணியும் எழுதி வையுங்கள். ஒரு வாரக் குறிப்பு, கம்பியாளருக்கு ஒரு நாள் வேலையை மிச்சமாக்கும்.

ஒன்றை மட்டும் இங்கேயே வற்புறுத்திக் கூறுகிறோம். கவனிப்பது நம் வேலை. திறந்து பார்ப்பது உரிமம் பெற்ற மின் கம்பியாளரின் வேலை. பல்பு, ஸ்டார்ட்டர் ஆகியவற்றை மாற்றுவதற்குக் கூட, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, காய்ந்த மரப்பலகை அல்லது முக்காலியின் மேல் நின்றே மாற்ற வேண்டும். மீட்டரின் முத்திரையை எவரும் தொடலாகாது. கம்பத்தில் ஏறுதல் கூடவே கூடாது.

ஒரே விளக்கு துடித்தால்

குறை அவ்விளக்கிலோ, அதன் ஹோல்டரிலோ, அதற்குரிய சுவிட்சிலோ இருக்கும். அந்தப் பல்பை நன்கு எரியும் வேறோர் இடத்தில் மாட்டிப் பாருங்கள். அங்கும் துடித்தால் பல்பே பழுது. அங்கு நிலையாக எரிந்தால் ஹோல்டரையும் சுவிட்சையும் ஐயுற வேண்டும். ஹோல்டரின் உள்ளே இருக்கும் இரு முனைகளும் வில்லின் வலிமையால் பல்பை அழுத்தி நிற்பவை. வெப்பத்தால் அவ்வில் தளர்ந்துவிட்டால் பல்பு நிலையாகத் தொடுவதில்லை. சுவிட்சைப் போடும்போது 'சிர்' என்ற ஓசை கேட்டாலும், சுவிட்சு சூடாக இருந்தாலும், அதைப் புதியதாக மாற்றிவிட வேண்டும். இவையெல்லாம் சிறு விலைப் பொருள்களே.

சோக்கும் ஸ்டார்ட்டரும் உள்ள பழைய டியூப் லைட் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. எரியத் தொடங்கும்போது பன்முறை கண் சிமிட்டினால் முதலில் ஸ்டார்ட்டரை மாற்றிப் பார்க்க வேண்டும். குழலின் இரு முனைகளும் கறுத்திருந்தால் குழலின் ஆயுள் முடிந்தது என்று பொருள். இரண்டும் புதியனவாக இருந்தும் மாலை நேரத்தில் மட்டும் எரிய மறுத்தால், குறை குழலில் இல்லை; அழுத்தம் தாழ்ந்திருக்கிறது.

எல்.இ.டி. விளக்குகள் வந்த பின் புதியதொரு வினா எழுந்துள்ளது. சுவிட்சை அணைத்த பிறகும் விளக்கு மங்கலாக ஒளிர்கிறது, அல்லது சில நொடிகளுக்கு ஒருமுறை மின்னுகிறது என்று பலர் வியக்கின்றனர். இதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகும். சுவிட்சில் சிறு சிவப்பு விளக்கு இருந்தால், அதன் வழியே கசியும் சிறு மின்னோட்டமே எல்.இ.டி.யை மின்னச் செய்யும், இதனால் அபாயமில்லை. மற்றக் காரணமோ அபாயமானது. சுவிட்சைப் பேஸ் கம்பியில் வைக்காமல் நியூட்ரல் கம்பியில் வைத்துவிட்டிருக்கலாம். அப்படியானால் சுவிட்சு அணைந்திருந்தாலும் ஹோல்டரில் 230 வோல்ட் நிற்கும். சுவிட்சை அணைத்துவிட்டோம் என்னும் நம்பிக்கையில் பல்பை மாற்றக் கை வைப்பவர் உயிருக்கே ஆபத்து. இக்குறி தென்பட்டால் கம்பியாளரைக் கொண்டு சோதித்துச் சரி செய்தல் வேண்டும்.

ஓர் அறை அல்லது ஒரு பகுதி துடித்தால்

ஒரே கம்பித் தொடரில் உள்ள பல விளக்குகள் சேர்ந்து துடித்தால், அத்தொடரின் ஏதோ ஓர் இணைப்புத் தளர்ந்திருக்கிறது. நாம் முன்னர்க் கூறிய நெசவாளர் இல்லத்தின் கதை இதுவே. இந்தத் தளர்ந்த இணைப்பைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். வீட்டில் தீப்பிடிக்கும் வழிகளில் இது மிகவும் மறைவானது.

இணைப்பு இறுக்கமாக இருக்கும்போது மின்சாரம் தடையின்றி ஓடுகிறது. திருகாணி தளர்ந்தாலோ, முறுக்கிய கம்பி விலகினாலோ, அவ்விடத்தில் தடை உண்டாகிறது. 1500 வாட் வெந்நீர்க் கருவியும் 750 வாட் இஸ்திரிப் பெட்டியும் ஒருங்கே இயங்கினால் ஏறத்தாழ 10 ஆம்பியர் மின்னோட்டம் செல்லும். தளர்ந்த இணைப்பில் அரை ஓம் தடை மட்டுமே இருப்பதாகக் கொள்வோம். அங்கே குறையும் அழுத்தம் 5 வோல்ட். விளக்கு ஒரு கணம் இலேசாக மங்கும், அவ்வளவே. ஆனால் அவ்வொரு புள்ளியில் பிறக்கும் வெப்பம் 50 வாட்! ஈயப் பற்று வைக்கும் சூட்டுக்கோல் பெரும்பாலும் 25 வாட் முதல் 50 வாட் வரையிலேயே இருக்கும் என்பதை நினைத்தால் இதன் கொடுமை விளங்கும். சுவிட்சுப் பலகையின் உள்ளே, எவர் கண்ணுக்கும் படாமல், ஒரு சூட்டுக்கோல் எரிந்துகொண்டிருக்கிறது. வெப்பத்தால் இணைப்பு மேலும் தளர்கிறது. தளர்வால் வெப்பம் மேலும் மிகுகிறது.

பியூஸ் இருக்கிறதே, அது காக்காதோ என்று அங்கத்தினர்கள் வினவலாம். காக்காது. அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் ஓடினால்தான் பியூஸ் கம்பி உருகும், எம்.சி.பி. என்னும் தானியங்கிச் சுவிட்சு விழுவதும் அப்படியே. தளர்ந்த இணைப்பிலோ மின்னோட்டம் மிகுவதில்லை; வழக்கமான அளவே ஓடிக்கொண்டு, ஓரிடத்தில் மட்டும் வெப்பம் பெருகுகிறது. பியூசுக்கு அது தெரியாது. நமக்குத் தெரிவிப்பது விளக்கின் துடிப்பு ஒன்றே. அதனால்தான் அதைப் புறக்கணிக்கலாகாது என்கிறோம். பஞ்சுத் தூசி படியும் தறிக்கூடத்திலும், கீற்று வேய்ந்த கூரையின் கீழும், வைக்கோல் அடுக்கிய கொட்டிலிலும் ஒரு பொறி போதும்.

கருகிய நாற்றம், பலகையில் பழுப்பு நிறம், தொட்டால் சூடான பிளக்கு, 'சிர்' என்னும் ஓசை ஆகிய நான்கும் இந்நோயின் அறிகுறிகள். ஒன்று கண்டாலும் அப்பகுதியின் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கம்பியாளரை அழையுங்கள். செப்புக் கம்பியையும் அலுமினியக் கம்பியையும் நேராக முறுக்கி நாடா சுற்றி வைக்கும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அலுமினியத்தின் மேல் விரைவில் ஒரு படலம் படர்ந்து மின்சாரத்தைத் தடுக்கும். இவ்விரு உலோகங்களும் வெப்பத்தில் விரியும் அளவும் வெவ்வேறு. ஆதலால் இம்முறுக்கு நாளடைவில் தளர்ந்தே தீரும். இவ்விரண்டையும் சேர்ப்பதற்கென்றே செய்யப்பட்ட இணைப்பானைக் கேட்டு வாங்கிப் போடச் செய்யுங்கள்.

தளர்ச்சி ஒன்றுமில்லாமலே விளக்கு மங்குவதும் உண்டு. வீட்டிலிருந்து 50 மீட்டர் தொலைவிலுள்ள தறிக்கூடத்துக்கு 1 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி இழுத்திருந்தால், 5 ஆம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 9 வோல்ட் வழியிலேயே குறைந்துவிடும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் குறைவு 4 வோல்ட்டுக்கும் உட்பட்டதே. கம்பியில் செய்யும் சிக்கனம் கண்ணுக்குக் கேடாக முடிகிறது.

வீடு முழுவதும் துடித்தால்

குறை மெயின் சுவிட்சிலோ, பியூஸ் கட்டையிலோ, மீட்டரின் முனைகளிலோ, கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயரிலோ இருக்கும். மீட்டருக்குப் பிந்திய பகுதி வீட்டுக்காரர் பொறுப்பு. மீட்டரும் அதற்கு முந்தியதும் மின் விநியோக நிறுவனத்தின் பொறுப்பு. கம்பியாளர் தம் பகுதியைச் சோதித்துக் குறையில்லை என்று கூறினால், மின்வாரியம் என்று நாம் இன்றும் வழங்கும் விநியோக நிறுவனத்தின் பிரிவு அலுவலகத்தில் புகார் எழுத வேண்டும்.

காற்று வீசும்போது மட்டும் துடித்தால் பெரும்பாலும் கம்பத்தின் மேலுள்ள இணைப்பே காரணம். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீறிட்டு வரும் கோவை, திருப்பூர் வட்டாரங்களில் இதை யாவரும் கண்டிருப்பர். தென்னை மட்டை கம்பியில் உரசுகிறதா என்று தரையில் நின்றவாறே பாருங்கள். இரவில் கம்பத்தின் மேல் பொறி பறந்தால் அவ்விடத்தை விட்டு விலகி, உடனே அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். மட்டையைக் கழியால் தட்டிவிடலாம் என்று முனைவது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

சில விளக்குகள் மங்க, சில பிரகாசித்தால்

இதுவரை கூறியவற்றினும் கொடியது ஒன்று உண்டு. தெருக் கம்பத்தில் மூன்று பேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரல் கம்பியும் வருகின்றன. ஒரு பேசுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். ஒரு பேசுக்கும் மற்றொரு பேசுக்கும் இடையே 400 வோல்ட். எல்லா வீடுகளின் மின்சாரமும் திரும்பிச் செல்லும் பொதுவழி நியூட்ரல். அவ்வழி அறுந்தாலோ தளர்ந்தாலோ, ஒரு பேசில் உள்ள வீட்டின் மின்சாரம் மற்றொரு பேசில் உள்ள வீட்டின் வழியாகத் திரும்ப முயலும். இரு வீடுகளும் 400 வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்ள நேரும். அப்பங்கீடு நீதியாக அமைவதில்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு வீட்டில் 100 வாட் குண்டு பல்பு ஒன்று எரிகிறது. மற்றொரு வீட்டில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஓடுகிறது. நியூட்ரல் அறுந்தால் இஸ்திரிப் பெட்டிக்குக் கிடைப்பது 36 வோல்ட் அளவே; பல்பின் மேல் விழுவதோ 360 வோல்ட்டுக்கும் மேல்! பல்பு கண்ணைக் கூசச் செய்து எரிந்து போகும். அவ்விடத்தில் தொலைக்காட்சிப் பெட்டியோ, குளிர்பதனப் பெட்டியோ இருந்தால் அதற்கும் அதே கதி. சிறிது வேலை செய்பவனுக்குப் பெரும் சுமை வந்து சேரும்.

ஆதலின், சில விளக்குகள் மங்கி, வேறு சில வழக்கத்துக்கு மிஞ்சிப் பிரகாசித்தால், ஒரு கணமும் தாமதியாமல் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். அண்டை வீட்டாருக்கும் குரல் கொடுங்கள். பின்னரே அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

ஒரு வீட்டுக்கு மட்டும் வரும் நியூட்ரல் அறுந்தால் விளக்குகள் அனைத்தும் அணைந்துவிடும். மின்சாரம் நின்றுவிட்டது என்று எண்ணிக் கம்பியைத் தொடலாகாது; பேஸ் கம்பியில் உயிர் இருக்கிறது. கம்பியாளர் டெஸ்டரை வைத்துப் பார்க்கும்போது பிளக்கின் இரு துளைகளிலும் ஒளி தெரிந்தால் நியூட்ரல் அறுந்தது என்பது விளங்கும். இத்தருணத்தில் சிலர் எர்த் கம்பியிலிருந்தோ, தண்ணீர்க் குழாயிலிருந்தோ நியூட்ரல் எடுத்து விளக்கெரிக்கத் துணிகின்றனர். விளக்கு எரியும், ஆனால் அந்த எர்த்தோடு சேர்ந்துள்ள இரும்பு, குழாய், மோட்டாரின் உடல் யாவும் எந்நேரமும் மின்சாரம் பாய்வனவாக மாறக்கூடும். ஈரக் கையோடு குழாயைத் திறக்கும் குழந்தைக்கு இது தெரியுமோ? இச்செயலை எவர் செய்யினும் தடுக்க வேண்டுவது நம் கடமை. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சு ஒன்றை ஒவ்வொரு வீட்டிலும் பொருத்துதல் நன்று.

ஊர் முழுவதும் மங்கினால்

வீடுகளும் கிணறுகளும் ஒரே மின்மாற்றியை நம்பியிருக்கும் ஊர்களில் இது கண்கூடு. 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஒவ்வொரு பேசிலும் 7 ஆம்பியர் அளவு எடுக்கும். ஆனால் நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும்போது அதன் ஆறு மடங்கு, அதாவது 40 ஆம்பியருக்கும் மேல், சில நொடிகளுக்கு எடுக்கும். அந்நேரம் விளக்குகள் மங்குகின்றன. ஒரு மோட்டாருக்கே இப்படியென்றால் பத்து மோட்டார்கள் ஒருங்கே கிளம்பினால் 400 ஆம்பியரைத் தாண்டும். 100 கே.வி.ஏ. மின்மாற்றி ஒவ்வொரு பேசிலும் முறையாகத் தாங்குவதோ 140 ஆம்பியருக்கு உட்பட்டது.

பத்து மோட்டார்கள் ஒருங்கே கிளம்புமா என்று ஐயுற வேண்டியதில்லை. மின்சாரம் வந்தவுடன் தானே மோட்டாரை ஓட்டும் தானியங்கி ஸ்டார்ட்டர் இன்று பலர் கிணற்றில் இருக்கிறது. மின்சாரம் திரும்பிய அதே கணத்தில் எல்லாம் எழுகின்றன. அழுத்தம் தாழ்கிறது, தாழ்ந்த அழுத்தத்தில் எந்த மோட்டாரும் செவ்வனே கிளம்ப முடியாமல் முனகுகிறது, சுருள்கள் சூடேறுகின்றன, மின்மாற்றியின் பியூஸ் போகிறது. அப்புறம் யாருக்கும் தண்ணீர் இல்லை; ஊரில் யாருக்கும் தறி இல்லை.

இக்குறையைத் தனியொருவர் தீர்க்க இயலாது. கூடினால் எளிதில் தீரும். எவ்வளவு நொடி பொறுத்து மோட்டாரைக் கிளப்ப வேண்டும் என்று தானியங்கி ஸ்டார்ட்டரில் அமைத்துக்கொள்ள வசதி உண்டு. ஒரு மின்மாற்றியைச் சேர்ந்த விவசாயிகள் கூடிப் பேசி, முதற் கிணற்றுக்கு 10 நொடி, அடுத்ததற்கு 30 நொடி, அதற்கடுத்ததற்கு 50 நொடி என்று முறை வைத்துக்கொண்டால், அனைத்து மோட்டார்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுகமாகக் கிளம்பும். வாய்க்கால் நீருக்கு முறை வைத்துப் பழகிய நமக்கு மின்சாரத்துக்கு முறை வைப்பது புதிதன்று.

மோட்டாருடன் தகுந்த அளவுள்ள கெபாசிட்டரை இணைத்தலும் பயன் தரும். மின்திறன் காரணி 0.75 என்பதிலிருந்து 0.95 ஆக உயர்ந்தால், கம்பியில் ஓடும் மின்னோட்டம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். அந்த அளவுக்கு ஊர் விளக்குகள் தெளிவாக எரியும்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிவிட்டால் போதாதா என்பார் உண்டு. தாழ்ந்த அழுத்தத்தை உயர்த்தித் தரும் ஸ்டெபிலைசர், அதற்கு ஈடாக லைனிலிருந்து கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. நம் வீடு தெளியும். அண்டை வீடு மேலும் மங்கும். தளர்ந்த இணைப்பு உள்ள வீட்டிலோ அவ்விணைப்பு மேலும் சூடேறும். பொருளைக் காக்க அதை வைக்கலாம். நோய்க்கு மருந்தாக நினைக்கலாகாது.

விசைத்தறிக் கூடத்துக்கு ஒரு தனி எச்சரிக்கை

கண்ணுக்குப் புலப்படாத துடிப்பும் ஒன்று உண்டு. நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. சோக்கு உள்ள டியூப் லைட்டும், மலிவான எல்.இ.டி. விளக்குகள் சிலவும் அதனால் நொடிக்கு 100 முறை மங்கி எழுகின்றன. கண் இதை உணர்வதில்லை, ஆனால் ஏமாறுகிறது. நான்கு ஆரங்கள் உள்ள சக்கரம் நிமிடத்துக்கு 1500 முறை சுழன்றால், ஒவ்வொரு ஒளித்துடிப்பின்போதும் ஓர் ஆரம் இருந்த இடத்தில் அடுத்த ஆரம் வந்து நிற்கும். சுழலும் சக்கரம் அசையாது நிற்பதுபோலத் தோன்றும். நிற்கிறது என்று நம்பிக் கை நீட்டினால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. விளக்கின் கீழ் ஒரு பென்சிலை விரைவாக ஆட்டுங்கள். ஒரே பட்டையாகத் தெரிந்தால் நன்று. பல பென்சில்களாகப் பிரிந்து தெரிந்தால் அவ்விளக்கு துடிக்கிறது. கைப்பேசியின் கேமராவில் பார்த்தால் கறுப்புப் பட்டைகள் ஓடுவதும் உண்டு. மின்னணுச் சோக்கு உள்ள குழலையோ, துடிப்பற்ற நல்ல எல்.இ.டி. விளக்கையோ பொருத்துதலும், பக்கத்துப் பக்கத்து விளக்குகளை வெவ்வேறு பேசில் இணைத்தலும் இதற்குப் பரிகாரம். இழை முறிவைக் கண்டு முடிச்சிடும் கண்ணுக்கும் அது இதமானது.

புகார் எழுதும் முறை

"கரண்டு சரியில்லை" என்று மட்டும் கூறினால் அலுவலர் எதைப் பார்ப்பார்? மின் இணைப்பு எண், நாள், மணி, எத்தனை வீடுகள், காற்றா மழையா, எந்த மின்மாற்றி என்பனவற்றை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்க வேண்டும். முடிந்தால் ஒரு வோல்ட் மீட்டரால் காலை, மாலை, இரவு எனக் குறித்த அளவுகளையும் சேர்க்கலாம். தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'மின்னகம்' என்னும் நுகர்வோர் சேவை மையத்துக்குத் தொலைபேசி வழியாகவும் தெரிவிக்கலாம். அலுவலகத்தில் தீராத குறைக்கு மின் நுகர்வோர் குறைதீர் மன்றமும், அதற்கு மேல் மின்சாரக் குறைதீர்ப்பாளரும் 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின்படி அமைந்துள்ளனர். ஒருவர் மனுவினும் பத்துப் பேர் சேர்ந்து எழுதும் மனு வலியது. மாலைதோறும் 190 வோல்ட்டுக்குக் கீழே அழுத்தம் இருப்பதாக ஒரு மாதக் குறிப்போடு ஒரு தெருவே எழுதினால், மின்மாற்றியின் சுமையைப் பார்க்காமல் இருக்க முடியாது.

சங்கம் செய்யக் கூடியவை

ஒவ்வொரு சங்கமும் ஒரு வோல்ட் மீட்டரை வாங்கி அலுவலகத்தில் வைத்து, அங்கத்தினர்க்கு முறை வைத்துக் கொடுக்கலாம். உரிமம் பெற்ற கம்பியாளர் ஒருவரை அமர்த்தி, ஆண்டுக்கு ஒருமுறை, ஆடிக் காற்றுக்கு முன்னரே, அங்கத்தினர் வீடுகளிலும் தறிக்கூடங்களிலும் திருகாணிகளை இறுக்கிச் சோதிக்கச் செய்யலாம். பலர் சேர்ந்து அமர்த்துவதால் ஒருவருக்கு ஆகும் செலவு சிறிது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள கம்பி, சுவிட்சு, ஹோல்டர் ஆகியவற்றை மொத்தமாக வாங்கி வழங்கலாம். கிணற்று மோட்டார்களுக்கு முறை வகுப்பதற்குக் கூட்டம் கூட்டுவதும் சங்கத்தின் பணியே.

அங்கத்தினர்கள் இன்றிரவே ஒன்று செய்யுங்கள். விளக்கு அடுத்த முறை துடிக்கும்போது பல்பைத் திட்டாதீர்கள். எத்தனை விளக்குகள், எந்நேரம், அப்போது ஓடிய கருவி எது என்று மூன்று வரி எழுதி வையுங்கள். தறி மேடைக்கும் வைக்கோல் போருக்கும் அருகில் உள்ள சுவிட்சுப் பலகையை ஒருமுறை முகர்ந்து பாருங்கள். கருகல் வாடை அடித்தால் விடியும் வரை காத்திராமல் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஓர் இரவு இருளில் இருப்பது பெரிதன்று. நூலும் தறியும் நம் பிள்ளைகளும் நலமாக இருப்பதே பெரிது.